கோணல் கிட்னி

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர். பஸ் உள்ளே நுழையும்போதே தறிச் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிடும். என்ன நெய்கிறார்கள்? சேலையா, வேட்டியா? ம்ஹூம். பேண்டேஜ் துணி! காயத்துக்குக் கட்டுகிற, ஆபரேஷன் நடக்கும்போது ரத்தத்தை ஒற்றி எடுக்கிற மெல்லிய வெள்ளைத் துணி. இழைக்கு இழை தாராளமாக இடைவெளி விட்டு, வலை மாதிரி நெய்து, சலவை செய்து, ரத்தத்தைப் பட்டென்று உறிஞ்சுகிற பதத்துக்குக் கொண்டுவந்து, சுருள் சுருளாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். டெல்லியோ, திருவனந்தபுரமோ... எங்கேயோ ஓர் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கையை நீட்டி வாங்குகிற துணி, இந்த ஊர்த் தறியில் ஓடியதாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

இழை என்றால் அறும். அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். 'ஒண்ணுதானே, போகட்டும்' என்று விட்டால் துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். தறிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர்கள்தான் கொஞ்சம் லேட்டாகக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஒட்டவேண்டியிருந்தது நூல் இழை அல்ல, கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய்.

பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். அவரை விதை மாதிரி இரண்டு கிட்னி. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் கொண்டுவர ஒரு தமனி, திருப்பி எடுத்துப்போக ஒரு சிரை, சிறுநீர் இறங்க ஒரு குழாய். பத்து மார்க் வாங்க இது போதும். ஆனால், ஆண்டவன் அந்தப் படத்தைப் பார்த்துக் கிட்னி செய்யவில்லை.

நாலு பேரை வரிசையில் நிற்கவைத்தால், குறைந்தது ஒருவருக்காவது ஏதாவது ஒரு கிட்னியில் ஒன்றுக்கு மேற்பட்ட தமனி இருக்கும். சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று, நாலுகூட உண்டு. சிலருக்கு ஒரே கிட்னியிலிருந்து இரண்டு சிறுநீர்க்குழாய். சிலருக்குக் கிட்னி முதுகுப் பக்கம் ஏறாமல் இடுப்புக்குள்ளேயே தங்கிவிடும். இன்னும் சிலருக்கு இரண்டும் கீழ் முனையில் ஒட்டிக்கொண்டு ஒரே லாடம் மாதிரி இருக்கும். இந்த லாடக் கிட்னி சுமார் 500 பேரில் ஒருவருக்கு. 2011 சென்சஸ்படி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு நகராட்சிக்கும் சேர்த்து ஜனத்தொகை 2 லட்சம் சொச்சம். கணக்குப் போட்டால், அந்த இரண்டு ஊரில் மட்டும் 400 பேர் லாடத்தைச் சுமந்துகொண்டு பால்கோவா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

ஏன் இப்படி? கருவில் கிட்னி முதலில் உருவாவது இடுப்புப் பகுதியில். அங்கிருந்து மெள்ள மெள்ள மேலே ஏறி வருகிறது. வீடு மாறுகிற குடும்பம் மாதிரி, ஒவ்வோர் இடத்திலும் அங்கே பக்கத்தில் இருக்கிற பெரிய குழாயிலிருந்து புது கனெக்‌ஷன் வாங்கிக்கொள்ளும். பழைய கனெக்‌ஷன் கட்டாகிவிடும். சிலருக்குப் பழைய கனெக்‌ஷன் கட்டாகாமல் அப்படியே நின்றுவிடுகிறது. அதுதான் கூடுதல் தமனி. லாடக் கிட்னி கதை வேறு. கீழே ஒட்டிக்கொண்டுவிட்டதால், மேலே ஏறுகிற வழியில் குறுக்கே வருகிற குடல் தமனி ஒன்றில் மாட்டி, அதற்குமேல் ஏற முடியாமல் தொங்கிவிடுகிறது. பிணத்தை அறுத்துப் பார்த்த இத்தாலிய டாக்டர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். அப்போது அது வெறும் வேடிக்கைப் பொருள். கிட்னியை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாற்றலாம் என்ற யோசனை வந்த பிறகுதான், அது உயிர் சமாசாரமானது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தம்பி. இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை டயாலிசிஸ். அக்கா வந்து நிற்கிறார். "எனக்கு ரெண்டு இருக்குல்லடா, ஒண்ணை நீ எடுத்துக்கோ."

மதுரையில் ஸ்கேன் எடுக்கிறார்கள். அக்காவின் இடது கிட்னி புத்தகத்தில் போட்ட படமேதான். ஒரு தமனி, நீளமான சிரை, அம்சமான வேலை. வலது? கொஞ்சம் சின்னது. வேலையும் கொஞ்சம் மட்டு. போதாக்குறைக்கு மூன்று தமனி. அதில் ஒன்று நூல் மாதிரி மெல்லிசு.

நீங்கள் டாக்டர். எதை எடுப்பீர்கள்? உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் பாரிஸுக்கு ஒரு நடை போய்வருவோம்.

1952 டிசம்பர். மரியஸ் ரெனார் என்ற 16 வயதுப் பையன், வேலை செய்துகொண்டிருந்தபோது சாரத்திலிருந்து கீழே விழுந்தான். வலது கிட்னி சிதைந்துவிட்டது. ரத்தம் கொட்டுகிறது. டாக்டர்கள் அவசரமாக அதை வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தான் என்று பெருமூச்சு விட்டால்... சிறுநீர் ஒரு சொட்டுகூட வரவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பையனுக்குப் பிறவியிலேயே ஒரே ஒரு கிட்னி. அதைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்!

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்கேன் இல்லாத காலம். அம்மா கில்பெர்ட், "என்னுடையதை எடுத்து அவனுக்கு வையுங்கள்" என்று டாக்டர்களிடம் மன்றாடினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு, பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில் ஜான் ஹாம்பர்கர் என்ற டாக்டரின் குழு அதைச் செய்தது. உயிரோடு இருக்கும் ஒருவர் தன் ரத்த உறவுக்குக் கிட்னி கொடுத்த முதல் சம்பவங்களில் ஒன்று அது. அம்மாவின் கிட்னி பையன் உடம்பில் வேலை செய்தது. ஊரே கொண்டாடியது. மூன்று வாரம். அதற்குப் பிறகு உடம்பு அதை 'அந்நியன்' என்று அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டது. ஜனவரி முடிவதற்குள் ரெனார் இறந்துபோனான்.

உடம்பு ஒதுக்குவது ஒரு பிரச்னை. அதற்கு மருந்து பின்னால் வந்தது. ஆனால், அதற்கும் முந்தைய பிரச்னை தையல். ரத்தக்குழாயை எப்படித் தைப்பது?

இதில் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. 1894இல் பிரான்ஸ் ஜனாதிபதி சாடி கார்னோவை லியோன் நகரத்தில் ஒருவன் கத்தியால் குத்தினான். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் அறுந்தது. அதைத் தைக்க அந்தக் காலத்து டாக்டர்கள் யாருக்கும் தெரியவில்லை. ஜனாதிபதி இறந்தார். அதே ஊரில் இருந்த அலெக்ஸி காரெல் என்ற இளைஞருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. நேரே யாரிடம் போனார் தெரியுமா? பூவேலைப்பாடு செய்கிற ஓர் அம்மாளிடம்! லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே எம்ப்ராய்டரியில் கில்லாடியான அந்த அம்மாளிடம் மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றுக்கொண்டார். வட்டமான குழாய் வாயில் மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்துப் பிடித்தால் அது முக்கோணமாகிவிடும். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் நேர்கோடு, நேர்கோட்டைத் தைப்பது சுலபம். 1902இல் இதை எழுதினார். 1912இல் நோபல் பரிசு. (பிற்காலத்தில் மனிதர்களைத் தரம் பிரிப்பது பற்றி இவர் எழுதியவை சகிக்க முடியாத ரகம். ஆனால், தையல் தையல்தான்.)

இந்தத் தையல் இல்லாமல் பாஸ்டன் இல்லை. 1954 டிசம்பர் 23. ஜோசப் மர்ரே குழு, ரொனால்ட் ஹெரிக் என்ற இளைஞரின் கிட்னியை, அச்சு அசலாக அவரைப்போலவே இருந்த இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தது. இரட்டையர் என்பதால் உடம்பு ஒதுக்கவில்லை. ரிச்சர்ட் எட்டு வருஷம் வாழ்ந்தார், தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார். வெற்றிகரமான முதல் கிட்னி மாற்று இதுதான்.

எல்லோரும் ரிச்சர்டைப் பற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு ரொனால்டைத்தான் பிடித்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த பேச்சில் அவர் ஒரு கேள்வி கேட்டார். கிட்னி கொடுத்தால், என் ஆயுசுக்கும் என் உடம்பை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளுமா? அவருக்கு ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர் ஹாரிசன் உடனே 'நிச்சயமாக இல்லை' என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு திருப்பிக் கேட்டார்: உனக்கு ஒரு கஷ்டம் என்றால், இந்த அறையில் இருக்கிற யாராவது உன்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்வார்கள் என்று நினைக்கிறாயா? ரொனால்ட் கொஞ்ச நேரம் யோசித்தார். சம்மதித்தார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வாய் வார்த்தைதான். ஒற்றைக் கிட்னியோடு 56 வருஷம் வாழ்ந்து, 2010இல் 79 வயதில் இறந்தார்.

கொடுப்பவர் நோயாளி இல்லை. அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது. ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் கத்தி வைப்பது மருத்துவத்தில் வேறு எங்கேயும் சாதாரணமாக நடக்காத காரியம். அதனால் அவருக்கு டாக்டர் பட்டிருக்கிற கடன் தனி.

நம் ஊருக்கு வருவோம். 1965இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் முதல் முயற்சி நடந்தது. நோயாளி பிழைக்கவில்லை. 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மோகன் ராவும் டாக்டர் ஜானியும் செய்த ஆபரேஷன்தான் இந்தியாவின் முதல் வெற்றி. அடுத்த இருபது வருஷத்தில் தமிழ்நாடு முழுக்கக் கிட்னி மாற்று பரவியது. 80களில் சைக்ளோஸ்போரின் மாத்திரை வந்ததும், ரத்த உறவே இல்லாதவர் கிட்னிகூட உடம்பில் நிற்கும் என்றாகிவிட்டது. நல்ல செய்திதானே? கூடவே வேறொன்றும் வந்தது. சந்தை.

சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பேர் விழுந்த காலம் அது. 1994இல் சட்டம் வந்தது. விற்பது, வாங்குவது குற்றம். ஆனால், நெருங்கிய சொந்தம் இல்லாவிட்டாலும் 'பாசத்தால்' கொடுக்கலாம், கமிட்டி அனுமதித்தால் போதும் என்று ஒரு சந்து இருந்தது. திடீரென்று தமிழ்நாட்டில் பணக்காரர்கள் மீது ஏழைகளுக்குப் பாசம் பொங்கியது! 2001இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து விவரம் சேகரித்து, அடுத்த வருஷம் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. கிடைத்தது சராசரியாக ஆயிரத்துச் சொச்சம் டாலர். அதற்குப் பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர், 'உடம்பு முன்னைப்போல இல்லை' என்றார்கள். முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளிகள் கிட்னி விற்ற விவகாரம் வெடித்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு போடும் வரை போனது. அங்கேயும் தறிக்காரர்கள்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் அக்காவிடம் திரும்புவோம். இடதா, வலதா?

சந்தையில் வாங்குகிறவனைக் கேட்டால் யோசிக்கவே மாட்டான். இடதுதான். சுலபமாக எடுக்கலாம், சுலபமாகத் தைக்கலாம், நன்றாக வேலை செய்யும். காசு கொடுக்கிறோம், கத்தரிக்காயையே பார்த்துத்தானே வாங்குகிறோம்?

ஆனால், உலகம் முழுக்க நல்ல டாக்டர்கள் பின்பற்றுகிற விதி நேர்மாறானது. இரண்டில் எது உசத்தியோ அது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். கோணலாக இருந்தாலும், தைக்கக் கஷ்டமாக இருந்தாலும், வலதைத்தான் எடுக்க வேண்டும். ரொம்ப மோசம் என்றால் அக்காவையே வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டுமே தவிர, நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதை அவரிடம் விட்டுவரக் கூடாது. இரண்டும் சரிசமமாக இருந்தால் மட்டும், சிரை நீளம் என்பதற்காக வழக்கமாக இடதை எடுப்பார்கள். தமனி ஒன்றா, மூன்றா என்பது தைக்கிறவரின் தலைவலி. அக்காவின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

சரி, மூன்று தமனியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? 'ரெண்டைத் தைச்சிட்டு ஒண்ணைக் கட்டி விட்டுடலாமே' என்று தோன்றும். அங்கேதான் வில்லங்கம். கிட்னித் தமனிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஒன்றைக் கட்டினால் அது ரத்தம் கொடுத்துவந்த பகுதி செத்துப்போகும். பக்கத்துத் தமனி உதவிக்கு வராது. மேல் முனைக்குப் போகிற ரொம்பச் சின்னத் தமனி என்றால் சில சமயம் விட்டுவிடலாம், இழப்பு கொஞ்சம்தான். கீழ் முனைக்குப் போவதை மட்டும் லேசில் விடக் கூடாது. எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் சரி. சிறுநீர்க்குழாய்க்கு ரத்தம் அதன் வழியாகத்தான் வரும். அதைக் கட்டினால் கிட்னி ஜோராக வேலை செய்யும், ஆனால் சிறுநீர்க்குழாய் அழுகி, வயிற்றுக்குள்ளேயே ஒழுக ஆரம்பித்துவிடும். ஆரம்ப காலத்தில் இதனால்தான், இரண்டு மூன்று தமனி என்றாலே பல இடங்களில் கொடுக்க வந்தவரை வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள்.

பிறகு வழி கண்டுபிடித்தார்கள். எடுத்த கிட்னியை ஐஸில் வைத்து, தனி மேஜையில் உட்கார்ந்து, நோயாளியின் வயிற்றுக்குள் வைப்பதற்கு முன்பே தையல் வேலையை முடித்துவிடுவது. இரண்டு தமனியும் ஒரே பருமன் என்றால் வாயைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து ஒரே வாயாக்கிவிடலாம், பேண்ட்டின் இரண்டு கால் மேலே இடுப்பில் சேருகிற மாதிரி. சின்னது என்றால் பெரியதன் பக்கவாட்டில் துளைபோட்டு அதில் இணைத்துவிடலாம். இல்லையென்றால், நோயாளியின் வயிற்றுச் சுவரில் ஓடுகிற ஒரு தமனியை இழுத்துவந்து, அந்த நூல் தமனியோடு கோத்துவிடலாம். இரண்டு மில்லிமீட்டர் வாய், முடியைவிட மெல்லிய நூல், கண்ணில் பூதக்கண்ணாடி. லியோன் அம்மாள் பார்த்தால் சந்தோஷப்படுவார். 1995இல் அமெரிக்காவில் சின்னத் துளை வழியாகக் கிட்னி எடுக்கும் முறை வந்த பிறகு, கொடுப்பவரின் வலி குறைந்தது. எடுப்பதற்கு முன்பே தமனிகளை எண்ணிக் காட்ட சி.டி. ஸ்கேனும் வந்துவிட்டதால், ரெனாருக்கு நேர்ந்த மாதிரி அதிர்ச்சி இப்போது யாருக்கும் நேர வேண்டியதில்லை.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுக்கும்போது கதை இன்னும் சுலபம். மகாதமனியிலிருந்தே ஒரு துண்டு, சட்டையிலிருந்து பட்டனைத் துணியோடு வெட்டி எடுப்பது மாதிரி, மூன்று வாயும் சேர்ந்து வரும்படி வெட்டி எடுக்கலாம். மூன்று தையலுக்குப் பதில் ஒரே தையல். இந்த ஒட்டுக்குக் காரெல் பேரையே வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் அக்காவின் மகாதமனியில் கை வைக்க முடியாதே! 2008இல் தமிழ்நாடு அரசு மூளைச்சாவு உறுப்பு தானத்துக்கு முறையான ஏற்பாட்டைத் தொடங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தின் 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான அவனுடைய பெற்றோர் கொடுத்தார்கள். மாநிலமே நெகிழ்ந்துபோனது. 2023 முதல் அப்படிக் கொடுப்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அங்கே லாடக் கிட்னி வந்தால்கூடத் தூக்கிப் போடுவதில்லை. நடுவில் பிரித்து இருவருக்கோ, பிரிக்க முடியாவிட்டால் முழுசாக ஒருவருக்கோ வைத்து, உலகில் பல இடங்களில் நன்றாக ஓடியிருக்கிறது.

ஒதுக்கிய பொருள் உசத்தியான கதை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதா என்ன? ஆண்டாள் சூடிப் பார்த்த மாலையில் ஒரு முடி கிடந்தது என்று பெரியாழ்வார் அதை ஒதுக்கிவைத்தார், பெருமாள் அதையேதான் கேட்டார் என்பார்கள். இன்றைக்கும் அந்த ஊர் மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக்கும் பயணம் போகிறது.

மேஜையில் மூன்று தமனியும் தயார். கிட்னியைத் தம்பியின் அடிவயிற்றில் வைக்கிறார்கள். பழைய கிட்னியை எடுப்பதில்லை, அது பாட்டுக்கு இருக்கும். தையல் முடிந்து கிளாம்ப்பைத் திறந்ததும், வெளிறிக் கிடந்த கிட்னி சிவக்கிறது. கீழ் முனையும் சிவக்கிறதா என்று டாக்டர் குனிந்து பார்க்கிறார். துணியால் ஒற்றிப் பார்க்கிறார். கசிவு இல்லை.

தம்பி வேளாவேளைக்கு மாத்திரை போட வேண்டும், மாசா மாசம் மதுரைக்குப் போக வேண்டும். அதை வீட்டில் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அக்காவுக்கும் வருஷம் ஒரு தடவை பிரஷர், யூரின், ரத்தம் எல்லாம் பார்க்க வேண்டும், ஆயுசு முழுக்க. அந்தத் தேதிதான் பெரும்பாலும் மறந்துபோகிறது.